ஹீட்டரை நிறுத்திய காலை

அவளுக்கு ஓரிடத்தில் உட்காரப் பிடிக்காது. தையல் கடையில் எட்டு மாதம். அலுவலக நாற்காலியில் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கடைசியில் மருத்துவமனை வண்டி ஓட்டும் வேலைதான் ஒட்டிக்கொண்டது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களை அழைத்துவந்து, முடிந்ததும் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். பதினொரு வருடம் ஓடிவிட்டது.

அந்தக் கோடையில்தான் டீசல் வண்டிக்குப் பதில் மின்சாரக் கார் வந்தது. முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் முந்நூறு கிலோமீட்டர். பனிக்காலம் வரும்வரை அவளுக்கு ஒரு குறையும் தோன்றவில்லை.

அன்று காலை குளிர் மைனஸ் பதினான்கு. ராத்திரி முழுக்க வெட்டவெளியில் நின்ற கார், முழுச் சார்ஜிலும் நூற்றுத் தொண்ணூறுதான் காட்டியது. போக எழுபது, வர எழுபது. போதும் என்று கிளம்பினாள். ஆனால் ஹீட்டர் மின்சாரத்தைக் குடித்துத் தள்ளியது. அன்று அழைத்துவர வேண்டிய பெரியவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மிச்சம் எண்பத்திரண்டு.

பெரியவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். டயாலிசிஸ் இல்லாத இரண்டு நாள் இடைவெளியில் கால் வீங்கி, மூச்சு வாங்கியது. ஒன்பது மணிக்கு மெஷினில் படுத்தாக வேண்டும். கிளம்பும்போதே ஃபோனில் செய்தி வந்தது: திரும்பும் வழியில் பாலத்தை மூடிவிட்டார்கள். சுற்றுவழியில் இருபது கிலோமீட்டர் கூடுதல். ஓட வேண்டியது தொண்ணூறு, இருப்பதோ எண்பத்திரண்டு. வழியில் சார்ஜ் போடலாம்தான். ஆனால் உறைந்து கிடக்கும் பேட்டரியில் மின்சாரம் ஏறுவதற்குள் ஒன்பது மணி தாண்டிவிடும்.

"அண்ணே, ஹீட்டரை நிறுத்தட்டுமா? சீட் மட்டும் சூடா இருக்கும், அதுக்குக் கொஞ்சம் கரண்ட்தான் ஆகும்."

"நிறுத்து. நான் என்ன வாழைப்பழமா, குளிர்ல கறுத்துப்போக?"

தன் கோட்டைக் கழற்றி அவர் மடியில் போர்த்தினாள். அறுபதுக்கு மேல் வேகம் ஏற்றவில்லை. மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்க மங்க, பெரியவர் கைத்துணியால் துடைத்தார். அவள் கண் மட்டும் நிமிடத்துக்கொரு தரம், மிச்சக் கிலோமீட்டரைக் காட்டும் நடுத்திரைக்கு ஓடியது. ஒரு வளைவில் சக்கரம் வழுக்கப் பார்த்ததும் அவர் தொப்பியைக் கழற்றித் திரையை மூடினார்.

"மீட்டரை நான் பாத்துக்கறேன். நீ ரோட்டைப் பாரு, தங்கச்சி."

அதன்பின் அவள் கேட்கும்போதெல்லாம் தொப்பியைத் தூக்கிப் பார்த்துச் சொன்னார். நாற்பது இருக்கிறது என்றார். இருபத்தைந்து என்றார். மருத்துவமனை வாசலுக்கு வரும்போது பதினெட்டு என்றார். அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வந்து தொப்பியை எடுத்தாள். திரையில் மூன்று.

கோபத்தோடு உள்ளே ஓடினாள். ஊசி குத்தியிருந்த கையை அசைக்காமல் படுத்திருந்தார்.

"பொய் சொன்னீங்களா?"

"கூட்டிச் சொன்னேன். முப்பது வருஷமா பயணிகள்கிட்ட ஊர் இதோ வந்துடும்னு சொன்ன வாய் இது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குச் சிகிச்சை முடியும்வரை காருக்குச் சார்ஜ் போட்டுவிட்டு, நடைபாதையில் இங்குமங்குமாக நடந்தாள். மறுநாள் மேலதிகாரியை ஒரு வழி பண்ணிக் கூரையடியில் கார் நிறுத்த இடம் வாங்கினாள். இப்போதெல்லாம் சார்ஜரில் இருக்கும்போதே காரைச் சூடாக்கிவிட்டுத்தான் கிளம்புகிறாள். ஆனாலும் திரையை எட்டிப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.