விதைப்பூண்டோடு வைத்த ஹார்ட் டிஸ்க்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி அடைமழையில், கொடைக்கானல் மலையில் இருக்கும் பூண்டியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் அம்மா இறந்த பிறகு அவள் பேசுவதைக் கேட்க எனக்கு இருந்தது ஒரே ஒரு வீடியோ. என் வளைகாப்பில் எடுத்தது. எனக்கு வளையல் போட்டுக்கொண்டே என் மாமியாரிடம் என்னைப் பற்றிக் குறை சொல்லிச் சிரிப்பாள். அது ஒரு ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. இன்னொரு பிரதி எடுத்து வைக்கத் தோன்றாத புத்திசாலி நான்.

ஒருநாள் பார்க்கலாம் என்று தேடினால் டிஸ்க்கைக் காணோம். கேட்டதும் என் கணவர் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எங்கள் ஊரில் விதைப்பூண்டை அடுப்புக்கு மேலே பரணில்தான் வைப்போம். புகை பட்டால் ஈரம் அண்டாது, அடுத்த விதைப்பு வரை கெடாது. என் பழைய போன் ஈரத்தில் வீணானது போல் இதுவும் ஆகிவிடக் கூடாதென்று, துணியில் சுற்றி அந்தப் பூண்டுக்கு நடுவே செருகி வைத்திருக்கிறார்.

லேப்டாப்பில் மாட்டினேன். டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தது. உருவி உருவி மாட்டினேன். இரண்டு நாள் வேறு வேலையே பார்க்கவில்லை. அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். வீட்டுக்கு வந்திருந்த அவருடைய அண்ணனிடமே, "பூண்டுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளைக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு இருக்கே" என்றேன். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

கொடைக்கானல் கடைக்காரர் கைவிரித்துவிட்டு, மதுரையில் டேட்டா மீட்டுத் தருபவர் ஒருவரிடம் அனுப்பினார். நானும் என் கணவரும் போனோம். டிஸ்க்கைக் கொடுக்கும்போதே பரண் கதையைச் சொல்லி, அங்கேயும் அவர் மானத்தை வாங்கினேன். அடுத்த வாரம் இருவரும் மறுபடி போனபோது மதுரைக்காரர் சொன்னார்.

"பரண் ஒண்ணும் பண்ணலக்கா. ஓடிக்கிட்டிருக்கும்போது குலுங்கி, உள்ள படிக்கிற முள்ளு, சுத்துற தட்டுல இடிச்சிருக்கு. சத்தம் வந்த பெறகு எத்தனை தடவை மாட்டுனீங்க? ஒவ்வொரு தடவையும் தட்டைச் சுரண்டியிருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு கொடைக்கானலிலிருந்து ஜீப்பில் வரும்போது, லேப்டாப்பை மடியில் வைத்து அந்த டிஸ்க்கில் படங்களை ஏற்றியது நான்தான். பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டதும் பாதியில் நின்றுபோனது. சார்ஜ் தீர்ந்திருக்கும் என்று உருவிப் பையில் போட்டதும் நான்தான்.

இப்போது என் கணவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ மதுரைக்காரரிடம், "படம் வராட்டியும் பரவால்லைங்க. இவ அம்மா கொரலு மட்டுமாச்சும் எடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

முடியவில்லை. பாதிப் புகைப்படங்கள்தான் திரும்பக் கிடைத்தன. ஊருக்கு வந்ததும் அவர் அண்ணன் வீட்டுக்கே போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அண்ணன் அதை மறந்தே போயிருந்தார்.

அம்மாவின் குரல் போன துக்கம்கூடக் கொஞ்சம் ஆறிவிட்டது. ஆனால் செய்யாத தப்புக்குத் தலைகுனிந்து வெளியே போன மனிதரை நினைக்கும்போது என்மேல் எனக்கு வரும் கோபம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.