பபேடானில் ஓர் ஆப்பிரிக்க இதழ்

நகரின் பபேடான் பேட்டையில் இருக்கும் என் பழைய புத்தகக் கடைக்கு அவர் சனிக்கிழமைதோறும் வருவார். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, எதையும் காட்டிக்கொள்ளாத முகம். எப்போதும் ஒரே இதழைத்தான் எடுப்பார். அப்போதுதான் விடுதலையடைந்திருந்த ஓர் ஆப்பிரிக்க நாட்டில் வெளிவந்த பழைய இலக்கிய இதழ் அது. நின்றபடியே படிப்பார், வாங்க மாட்டார். யாராவது கடைக்கு வந்தால் மட்டும் தலை நிமிரும். ராணுவ ஆட்சியில் ஊர் இருக்கிற இருப்பில், ஆளைக் காட்டிக்கொடுப்பவர் என்றே நினைத்தேன்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "அதுல அப்படி என்னங்கய்யா இருக்கு?"

"சுதந்திரம் வந்த புதுசு, பாய். பயமில்லாம எழுதியிருக்காங்க. பின்னால வரப்போறது அவங்களுக்குத் தெரியல."

இப்படிப் பேச்சுக்கொடுத்துப் பிடிக்கிறவர்களும் உண்டு. அவர் போனதும் இதழை மேசைக்கடியில் ஒளித்துவைத்தேன்.

அடுத்த வாரம் வந்து தேடினார். "வித்துப்போச்சுங்க" என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "யாரு வாங்கினாங்கன்னு யார் கேட்டாலும் சொல்லாதீங்க. நான் கேட்டாலும்."

அப்புறம் அவர் வரவே இல்லை. யாரென்று இன்றும் தெரியாது. இப்போது அந்த இதழை நான் படிக்கிறேன். யாராவது கடைக்கு வந்தால் தலை நிமிர்கிறது.