முதல் மூட்டைக்கு மட்டும் பேசாத கம்ப்யூட்டர்

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஒரு குடோனில் மூட்டை எண்ணுவது அவர் வேலை. ஆட்கள் மூட்டையைத் தூக்கி லாரியில் ஏற்றுவார்கள், இவர் கணக்கு வைப்பார். சர்க்கரை நோய் கண்ணில் கை வைத்த பிறகு, எதிரே போவது ஆளா மூட்டையா என்பதே அவருக்குக் கலங்கலாகிவிட்டது. முதலாளி கெட்டவர் இல்லை. ஆனாலும், "இந்த சீசன் ஓடட்டும். கணக்கு ஒரு தபா தப்புனாலும் வேற ஆளப் போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்ட நாளிலிருந்து அக்கா யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

நான் புதுச்சேரி கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ப்ரோகிராம் எழுதுகிறேன். மீதி நேரத்தில், உலகத்தில் யார் யாரோ கூடி எழுதி இலவசமாகக் கொடுக்கிற மென்பொருள்களில் மூக்கை நுழைப்பேன். அப்படி ஒன்று தமிழில் எண்களை வாய்விட்டுச் சொல்லும். மூட்டையோடு கடக்கிறவர் "போவுது" என்று குரல் கொடுக்க வேண்டும், மாமா ஒரு பட்டனைத் தட்ட வேண்டும், எத்தனையாவது மூட்டை என்று கம்ப்யூட்டர் உரக்கச் சொல்லும். கண்ணுக்கு அங்கே வேலையே கிடையாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

சிக்கல் குடோன் கம்ப்யூட்டரில் இருந்தது. அது ஒரு கிழம். புதிதாக வாங்கி வைத்ததெல்லாம் உப்புக் காற்றில் செத்துப்போக, இது மட்டும் துருவும் இருமலுமாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடுவதை ஏன் மாற்ற வேண்டும் என்பது முதலாளியின் கொள்கை. இத்தனை பழைய மெஷினுக்கென்று தயாராகக் கட்டிய மென்பொருளை இப்போது யாரும் தருவதில்லை. மூல நிரலை இறக்கி, அந்த மெஷினிலேயே கிடக்கும் பழைய கம்பைலரைக் கொண்டுதான் கட்டியாக வேண்டும். நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருகிறதே, அதுதான் கம்பைலர்.

கட்டினேன். பட்டனைத் தட்டினேன். சத்தமே இல்லை. மறுபடி தட்டினால் "இரண்டு" என்றது. அப்புறம் மூன்று, நான்கு எல்லாம் கணீரென்று வந்தன. முதல் மூட்டைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. என் லேப்டாப்பில் அதே ப்ரோகிராம் ஒழுங்காகப் பேசியது. என்றைக்காவது முதலாளி பக்கத்தில் வந்து நின்று, இது முதல் எண்ணையே முழுங்குவதைக் கேட்டால் மாமாவின் வேலை என்ன ஆவது?

மாமாவோ அதையே வைத்து மூட்டை எண்ண ஆரம்பித்துவிட்டு, "அதெல்லாம் சூப்பரா இருக்குது, நீ கம்முனு இரு" என்றார். எனக்கு மனசு நோகக்கூடாதென்று சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்பவர் பனி பெய்யும் ஏதோ ஊர்க்காரர். அவருக்கு எழுதினேன். "எங்களிடம் நன்றாகத்தான் ஓடுகிறது. அந்த மெஷினைத் தூக்கிப் போடுங்கள்" என்று பதில் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூக்கிப் போடவா இத்தனை பாடு? கம்பைலர்தான் தப்பு செய்கிறது என்று திருப்பி எழுதப் போய், கை நின்றுவிட்டது. எங்கள் தொழிலில் அப்படிச் சொல்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஆனால் இந்த முறை கூடம் கோணல்தான். நிரலை வரிவரியாகக் கழற்றிப் பார்த்ததில் பிடிபட்டது. வேகமாக ஓடும்படி கட்டு என்று சொன்னால், அந்தப் பழைய கம்பைலர் அவசரக் குடுக்கையாகிவிடும். சுற்றிச் சுற்றி ஓட வேண்டிய இடத்தில் முதல் சுற்றையே விட்டுவிடும். அந்த ஒரு கோப்பை மட்டும் நிதானமாகக் கட்டு என்று ஒரு வரி சேர்த்தேன். "ஒன்று" என்றது கிழம். சந்தோஷத்தில் அதன் துருப்பிடித்த தலையில் ஒரு முத்தம் கொடுத்தேன், உதடெல்லாம் உப்பு.

மறுநாள் லாரி வந்தபோது பெருமை பார்க்க நானும் போய் நின்றேன். முதலாளியும் இருந்தார். முதல் ஆள் மூட்டையோடு "போவுது" என்றார். "ஒன்று" என்று கம்ப்யூட்டர் கத்தியது. அவர் அப்படியே நின்று, மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டார்.

"இன்னாம்மா இது, மொத மூட்டைக்கே ஒண்ணுன்னுது? ஒண்ணுன்னா ஒண்ணோட நின்னுபுடாதா?"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மாமாதான் சொன்னார். இத்தனை நாளும் கம்ப்யூட்டர் சும்மா இருந்த அந்த இடத்தில், ஆட்கள் எல்லாரும் சேர்ந்து "லாபம்!" என்று சத்தம் போடுவார்களாம். பிறகு அது "இரண்டு" என்று எடுத்துக்கொடுக்குமாம். ஒன்றுக்கு லாபம் என்று எண்ணுகிற மரியாதையை மெஷினுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று குடோனே என்னைப் புகழ்ந்துகொண்டிருந்ததாம். எங்கள் அம்மாவும் அரிசியை அப்படித்தான் அளப்பாள். கம்பைலரோடு மல்லுக்கட்டியதில் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

"இத்த வச்சிக்கினு நாங்க ஏத்த மாட்டோம்" என்று ஆட்கள் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளி மாமாவைப் பார்த்தார். நானே என் கையால் அவர் வேலைக்கு உலை வைத்துவிட்டேன்.

"ஏம்மா, அதையே லாபம்னு சொல்ல வையேன்" என்றார் மாமா, டீ கேட்கிற குரலில்.

எண்களின் பட்டியலில் ஒரே ஒரு சொல்லை மாற்றி, மறுபடி கட்டினேன். கீழே கிடந்த மூட்டை மேலே ஏறியது. "லாபம்" என்றது கம்ப்யூட்டர், செய்தி வாசிக்கிறவர் மாதிரி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். குடோனே கெக்கெக்கே என்று சிரித்தது. மூட்டையைத் தூக்கியவர் சிரித்த சிரிப்பில் அதை மறுபடி போட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

கம்பைலர் திருத்தத்தைப் பனி ஊர்க்காரருக்கு அனுப்பினேன். ஏற்றுக்கொண்டு, தயவுசெய்து அந்த மெஷினைத் தூக்கிப் போடாதீர்கள், சோதித்துப் பார்க்க எங்களில் யாரிடமும் அப்படியொன்று இல்லை என்று எழுதியிருந்தார். வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். லாபத்தை மட்டும் அவருக்கு அனுப்பவில்லை. அதை எப்படி விளக்குவது?

கம்ப்யூட்டர் முதன்முதலில் லாபம் சொன்ன அன்றைக்கு, லாரி கிளம்பியதும் முதலாளி மாமாவின் மேசைக்கு வந்தார். ஆட்கள் எண்ணியதும் மாமா எண்ணியதும் சரியாக இருந்தன. கிழத்தின் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, "ஏம்பா, அடுத்த சீசனையும் நீயே பாத்துக்க" என்றார்.

கண் மங்கியதிலிருந்து மாமா 'பார்' என்கிற சொல்லையே சொல்ல மாட்டார். யாராவது சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"பாத்துக்கறேங்க" என்றார்.