முழு மதிப்பெண் வாங்கி அழுத ஜெயசீலி

போன வாரம் ஒரு காலை, கோலியனூர் வீட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுத்துக்கொண்டிருந்தபோது திண்டிவனத்திலிருந்து போன் வந்தது. ஜெயசீலியின் கணவர் அந்தோணி அண்ணன். “மங்கை, ஜெயசீலி போய்ட்டாம்மா. காப்பி குடுத்தேன், குடிச்சா. டம்ளர கழுவி வச்சிட்டு வர்றதுக்குள்ள போய்ட்டா” என்றார். அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகம் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வந்தது. பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அணைத்துத்தான் வந்திருக்கிறேன்.

விழுப்புரத்தில் மறதிநோய்ப் பிரிவில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வயதானவர்களின் ஞாபகத்தைச் சோதித்துச் சொல்லும் உளவியலாளர்கள் நாங்கள் இருவரும். ஒரே நேரத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து, ஒரே ஆண்டில் ஓய்வு பெற்றோம். இந்த அஞ்சலியை ‘அவர்’ என்று எழுதித்தான் தொடங்கினேன். படித்துப் பார்த்தால் யாரோ ஒரு அம்மாளைப் பற்றி எழுதியதுபோல் இருந்தது, அடித்துவிட்டேன். எனக்கு அவள் அவள்தான்.

கிளியனூர் முகாம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஒரு நிமிடத்துக்குள் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்ல முடியும் என்று கேட்பது எங்கள் வழக்கமான கேள்வி. களை எடுக்கப் போய்ப் போய்க் கை காய்த்த ஒரு அம்மாவிடம் ஜெயசீலி கேட்டாள். “ஆடு, மாடு, கோழி” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா நிறுத்திக்கொண்டார். கூட வந்த மகன், “பாருங்க மேடம், எல்லாம் மறந்துபோச்சி” என்று தலையில் அடித்துக்கொண்டான். “இன்னும் சொல்லுங்கம்மா” என்றாள் இவள். “எங்க வூட்ல அவ்ளோதாங்க இருக்குது” என்றார் அந்த அம்மா.

நான் சிரித்துவிட்டேன், ஜெயசீலி சிரிக்கவில்லை. “சரிம்மா, சந்தைக்குப் போனா இன்னா இன்னா வாங்கலாம், சொல்லுங்க” என்று கேட்டாள். கத்திரிக்காயில் தொடங்கிய அம்மா, கருவாட்டுக் கடையைத் தாண்டி, வளையல் கடைக்குப் போய், பேரப்பிள்ளைக்குப் பொரி வாங்கிக்கொண்டிருக்கும்போது நிமிடம் முடிந்துவிட்டது. கடிகாரத்தை நிறுத்தினாளே ஒழிய அவரை நிறுத்தவில்லை. சந்தையை முழுக்கச் சுற்றி வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பும் வழியில் என்னிடம், “பள்ளிக்கூடம் போனவங்களுக்கு, ஒருத்தர் கேட்டா பதில் சொல்லணும்னு பழக்கம் இருக்குதுடி. போவாதவங்க, இத எதுக்குக் கேக்கறாங்கன்னு யோசிப்பாங்க. அந்த யோசனைக்கு நாம மைனஸ் மார்க் போட்டுக்கினு இருக்கறோம்” என்றாள். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு ஒரு அளவுகோல், படித்தவர்களுக்கு ஒரு அளவுகோல், எழுபதைத் தாண்டியவர்களுக்கு இன்னொன்று என்று தனித்தனியாக வைத்துத்தான் எங்கள் பிரிவில் முடிவு எழுத வேண்டும் என்று அன்றிலிருந்து மல்லுக்கட்ட ஆரம்பித்தாள். பெரிய டாக்டர் அவளைக் கண்டால் வேறு பக்கம் நடக்கும் அளவுக்குப் போனது அது. கடைசியில் அப்படித்தான் எழுதினோம்.

அதற்கு நேர்மாறாக ஒருவர் வந்தார். விழுப்புரத்துக்காரர், கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். விலங்குகளைக் கேட்டதும் பூனை இனம், நீரில் வாழ்பவை, ஊர்வன என்று வரிசை கட்டி அடுக்கினார். முழு மதிப்பெண். அவருடைய மனைவி மட்டும் முந்தானையைத் திருகியபடி, “பால் வாங்கப் போனவரு ஸ்டேஷன்ல உக்காந்துக்கினு இருந்தாருங்க. ஏன் வந்தன்னு என்னையே கேக்கறாரு” என்றார். இவருக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடத்தான் எல்லாரும் பார்த்தோம். ஜெயசீலி விடவில்லை. “அவரு சேத்து வச்ச வார்த்தை ஏராளம். ஓட்ட விழுந்து ஒழுகினாலும் இப்போதைக்குக் கொறஞ்சது தெரியாது. அந்தம்மா சொல்றத எழுது” என்றாள். ஒரு வருடம் போனதும் அந்தம்மா சொன்னதுதான் சரி என்று எல்லாருக்கும் தெரிந்தது.

இந்த இரண்டையும் எழுதியது அவள் பெருமையைச் சொல்ல மட்டுமல்ல. அவளுக்கே அந்த நோய் வந்தபோது முதலில் யாரும் அவளை நம்பவில்லை.

ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருக்கும். முன்னறிவிப்பு இல்லாமல் கோலியனூருக்கு வந்து நின்றாள், கூடவே அந்தோணி அண்ணன். “நீயே கேளு மங்கை. டெஸ்ட்ல ஃபுல் மார்க் வாங்கிக்கினு வந்து அழுவறா. இந்தப் பேஜாரு எனக்குத் தாங்கல” என்றார் அவர். சோதித்தவர்கள் பாவம், என்ன செய்வார்கள்? ஆயுள் முழுக்க அவள் மற்றவர்களிடம் கேட்ட கேள்விகளைத்தான் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

அண்ணனை வெளியே அனுப்பிவிட்டு என்ன நடந்தது என்று கேட்டேன். “கிறிஸ்மஸுக்கு முறுக்கு சுடலாம்னு மாவு பெசஞ்சி வச்சிட்டேன்டி. அச்ச கையில எடுத்தேன். முறுக்கு அச்சுன்னு வாய் சொல்லுது. இத வச்சி இன்னா பண்ணணும்னு தெரியல. பேரு இருக்குது, பொருளு போய்டுச்சி. எனக்கு வந்துட்டுது மங்கை. நீயாவது நம்புடி” என்றாள். நான் நம்பினேன். நம்பாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, ஆனாலும் நம்பினேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேலைக்கு வந்தவள்போல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இப்ப எனக்குத் தெளிவா இருக்குது, அதனால இப்பவே சொல்றேன். நாளைக்கு ஜனங்க வருவாங்க. வந்து நின்னுக்கினு, நான் யாரு சொல்லு, நான் யாரு சொல்லுன்னு கேப்பாங்க. பாசத்துலதான் கேப்பாங்க. ஆனா அது பரிட்சைடி. எத்தினி பேர அந்த நாற்காலியில உக்கார வச்சிருக்கறேன், அவங்க மூஞ்சி எப்படிச் சுருங்கும்னு பாத்திருக்கறேன். என்னை யாரும் கேக்கவுடாத. நீ வந்தாலும் உன் பேரச் சொல்லிட்டு உள்ள வா. நான் தப்பாப் பேசினா திருத்தாத.” சரி என்றேன். கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டாள்.

அந்தச் சத்தியத்துக்காக நான் கெட்ட பெயர் எடுத்தேன். மாதம் தவறாமல் திண்டிவனம் போனேன். நோயாளி படுக்கையருகே குனிந்து “நான் யாருன்னு தெரியுதா?” என்று கேட்காவிட்டால் நம் ஜனங்களுக்குப் பார்க்க வந்த திருப்தியே இருக்காது. அவளுடைய நாத்தனார் ஒருமுறை அப்படிக் கேட்டு, முகவாயைப் பிடித்துத் திருப்பி, “சொல்லு, சொல்லு” என்றார். “உங்க பேரு உங்களுக்கே தெரியலையா? சொல்லிட்டு உக்காருங்க” என்றேன். அந்த அம்மாள் அதற்குப் பிறகு என்னோடு பேசியதில்லை. அண்ணன் மட்டும் சீக்கிரம் பழகிக்கொண்டார். சொந்த வீட்டு வாசலில் நின்று, “அந்தோணி வந்திருக்கறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போவார்.

ஊரையெல்லாம் அடக்கினேன், என்னை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒரே ஒரு தடவை, யாரும் இல்லாதபோது, “நான் யாருடி?” என்று கேட்டுவிட வேண்டும் என்று அத்தனை ஆசை. அவள் வாயால் ‘மங்கை’ என்று ஒரு தரம் கேட்டால் போதும் என்று ஏங்கினேன். ஒவ்வொரு முறையும் அதை விழுங்கிக்கொண்டு பேருந்து ஏறினேன்.

கடைசியாகப் பார்த்தது அவள் போவதற்குச் சில வாரங்கள் முன்பு. சன்னல் பக்கம் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று, “நான் மங்கை வந்திருக்கறேன்” என்றேன்.

திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மரியாதையாக எழுந்திருக்கப் பார்த்தாள். “வாங்க, வாங்க. உங்க பேரும் மங்கைங்களா? எங்க மங்கை ஒருத்தி இருக்கறா. கோலியனூர்ல இருந்து வருவா. அவ வர்ற நேரம்தான், அதான் பாத்துக்கினு இருக்கறேன். வந்தான்னா யாரையும் ஒண்ணும் கேக்கவுடமாட்டா. உக்காருங்க, பாத்துட்டுப் போலாம்” என்றாள்.

‘நான்தான்டி அது’ என்பது நாக்கு நுனி வரை வந்தது. திருத்தாதே என்றிருந்தாள். “சரிங்க, இருந்து பாத்துட்டே போறேன்” என்றேன்.

அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தச் சாயங்காலத்தைத்தான். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு பேருந்துச் சத்தத்துக்கும் அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். “வந்துடுவா” என்று எனக்கு அவள் தைரியம் சொன்னாள். இருட்டும்வரை நாங்கள் இருவரும் மங்கைக்காகக் காத்திருந்தோம்.