பிரியதர்ஷினி கழுத்தில் கருகமணி

பிரியதர்ஷினிக்குக் கறுப்பு என்றால் உயிர். பெங்களூரில் படித்த இரண்டு வருடமும் 'கோத்திக்' என்று ஒரு கோலத்தில் திரிந்திருக்கிறாள். போட்டோ காட்டினாள். தரையைப் பெருக்கும் கறுப்பு லேஸ் கவுன், கறுப்பு உதட்டுச்சாயம், முழங்கால்வரை பூட்ஸ், கழுத்தை இறுக்கிப் பிடித்த ஒரு பட்டை.

"ஏன்டி, யாரைப் பயமுறுத்த இந்த வேஷம்?" என்று கேட்டேன்.

"யாரையும் இல்லக்கா. இதைப் போட்டாத்தான் எனக்குப் பயம் போவுது."

அதற்குமேல் நான் கேலி செய்யவில்லை.

தருமபுரியில் ஒரே மருந்துக்கடையில் வேலை எங்களுக்கு. அவள் காரிமங்கலத்திலிருந்து வருவாள். அந்தக் கவுனோடு பஸ் ஏற முடியுமா? நல்ல நாளும் அதுவுமாக ஏன் கறுப்பு என்று அவள் அம்மா ராணியம்மாள் வேறு பிடித்துக்கொள்வார். அதனால் ஒவ்வொன்றாகக் குறைத்தாள். கவுன் போய்க் கறுப்புச் சுடிதார் வந்தது. கை நுனியில் மட்டும் லேஸ். உதட்டுக்கு அடர்ந்த மெரூன். பூட்ஸ் போய்ச் சாதாரண ஷூ. கழுத்துப் பட்டையை மட்டும் விட மனசில்லை. அதற்குப் பதிலாகச் சந்தையில் கறுப்பு மணிச் சரம் ஒன்று வாங்கினாள், நடுவில் தங்க நிறத்தில் இரண்டு குண்டு. வீட்டுக்குள் நுழையுமுன் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாள். "நல்லாத்தான்டி இருக்கு" என்று சொன்னவள் நான்தான். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கன்னடம் பேசும் வீடுகளில் அதற்குக் கருகமணி என்று பெயர். கல்யாணமான பெண்தான் போடுவாள், தாலி மாதிரி. சர்ச்சே கதி என்று வளர்ந்த சகாயமேரி நான், எனக்கு இது எங்கே தோன்றும்? பிரியாவுக்கும் தோன்றவில்லை. அவள் தெருவில் இருக்கும் கன்னடக்கார அம்மா ஒருவர் கடைக்கு வந்து சர்க்கரை மாத்திரை வாங்கினார். அவள் கழுத்தையே பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

மறுநாள் இவள் பஸ் ஏறிய பிறகு சேதி ராணியம்மாள் காதுக்குப் போயிருக்கிறது. பதினொரு மணிக்கு ஒரு துணிப்பையோடு கடைவாசலில் வந்து நின்றார். பிரியாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வேலையும் போச்சு, கறுப்பும் போச்சு என்றுதான் நானும் நினைத்தேன்.

"பையன் யாரு பாப்பா?"

"எந்தப் பையன்ம்மா?"

"கழுத்துல கருகமணி கெடக்குது. வூட்டுக்கு வந்தா கழட்டி ஒளிச்சு வெக்கிற. ஊரே சொல்லுது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" அவர் சத்தம் போடவில்லை. குரல்தான் உடைந்தது.

பிரியா போனை எடுத்து பெங்களூர் போட்டோக்களைக் காட்டினாள். "கல்யாணமெல்லாம் இல்லம்மா. எனக்கு இந்த மாதிரி போட்டுக்கப் புடிக்கும். நீ திட்டுவேன்னு ஒளிச்சேன்."

"மாதாமேல சத்தியமா யாரும் இல்லீங்கம்மா" என்று நானும் சொன்னேன்.

ராணியம்மாள் ஒவ்வொரு போட்டோவாகப் பார்த்தார். "இத்தனை கறுப்பா?" என்றார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். போன உயிர் திரும்பி வந்த அழுகை.

"என்னை அடிக்கத்தானேம்மா வந்த?" என்று பிரியா கேட்டாள்.

அவர் பையை அவள் கையில் கொடுத்தார். உள்ளே, மகள் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த அரக்குப் பட்டுச் சேலை.

"அந்தப் பையன் வூட்ல நீ வெறுங்கையோட நிக்கக்கூடாதுல்ல" என்றார்.