சென்சாருக்கு ஈரத்துண்டு

சித்தூர் வீட்டுக் கூலருக்கு ஸ்மார்ட் பிளக் மாட்டியிருக்கேன். ஜன்னலோரம் தொங்குற அதோட சென்சார்ல முப்பத்திரண்டு டிகிரி தாண்டினா, கூலர் தானா ஓடும்.

இன்னிக்கு மத்தியானம் கொளுத்துற வெயில். திருப்பதி ஆபீஸ்ல இருந்து போன்ல பார்த்தா, வீட்டுல இருபத்தாறுன்னு காட்டுது. வீட்டுல இருக்குற அப்பாவுக்கு, அதான் எங்க நைனாவுக்கு, போன் போட்டேன்.

"கூலர் ஓடலியா நைனா?"

"ஓடல. அந்த சென்சார் தொட்டா சுடுது. பாவம், வெயில்ல தொங்கிக்கினு இருக்குதேன்னு ஈரத்துண்டு சுத்தி வெச்சேன்."

"உனக்கு வேர்க்கலியா?"

"எனக்கு என்னா, பழக்கம்தானே."

சின்ன வயசுல கோடை லீவுல கரண்ட் போனா, என் முதுகுல ஈரத்துண்டைப் போட்டுட்டு, அவர் வேர்த்துக் கொட்ட உக்காந்து எனக்கு விசிறிக்கினு இருப்பார்.

துண்டை எடுக்கச் சொன்னேன். கூலர் ஓடுது.

ஆனாலும் ஒரு சென்சார் மேல இவ்வளவு பொறாமை எனக்கு மட்டும்தானா?