தொப்பியில் ஒரு புள்ளி

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருப்பவளை எல்லோரும் அழுக்கக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஆள் என்னவோ சுத்தக்காரி. பளிச்சென்று வண்ணமடித்த விரல் உயரப் பொம்மைகளை அழுக்காக்குவதுதான் அவளுடைய கிறுக்கு. பழுப்புப் பெயிண்டில் தண்ணீர் விட்டு, பாத்திரம் அலசிய தண்ணீர் மாதிரி ஆகும்வரை இளக்குவாள். ஒரு சொட்டுச் சோப்பும் விடுவாள், இல்லாவிட்டால் முத்து முத்தாக மேலேயே நிற்குமாம். அதைத் தடவினால் மேட்டில் நிற்காமல் சட்டை மடிப்பிலும் கண் குழியிலும் போய்த் தேங்கிக் காயும். அப்புறம்தான் பொம்மைக்கு உயிரே வரும்.

மற்றவர்கள் பொம்மையை நிறுத்திக் காயவைப்பார்கள். சாயமெல்லாம் காலடிக்குப் போய்விடும். இவள் துணி கிளிப்பால் பாதத்தைக் கவ்வி, ஜன்னல் கயிற்றில் தலைகீழாகத் தொங்கவிடுவாள். தாடைக்கடியிலும் தொப்பி விளிம்புக்கடியிலும் நிழல் அம்சமாகப் பிடித்துக்கொள்ளும். ஒரே தொல்லை, மிச்சச் சொட்டு உச்சந்தலைக்கு இறங்கிக் கரும்புள்ளியாக நின்றுவிடும். காய்ந்ததும் அதன்மேல் ஒரு தொடு பெயிண்ட் வைத்து மறைத்துவிடுவாள்.

பகலெல்லாம் ஜெராக்ஸ் கடையில் நின்றே வேலை. சாயங்காலம் வருவதற்குள் முட்டி இரண்டும் வீங்கிவிடும். அருங்காட்சியகத்தில் பழைய கடைவீதியைச் சின்னதாகச் செய்கிறார்கள், பொம்மைகளுக்கு வண்ணமடிக்க நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும், மூன்று பொம்மைகள் மாதிரிக்குக் கொடுக்கலாம் என்று தெரிந்ததும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உட்கார்ந்து, பிடித்த வேலையைச் செய்து, சம்பளமும் வாங்கலாம். கூடவே வண்ணமடிக்கும் தங்கையும் விண்ணப்பித்தாள். யாருக்குக் கிடைத்தால் என்ன, வீட்டுக்குத்தானே என்றாள் அழுக்கக்கா. கடையில் லீவு கிடைக்கவில்லை. இரண்டு பேர் டப்பாவையும் தங்கையே கொண்டுபோனாள். பஸ் போய்விடும் என்று அவள் வாசலில் நின்று பறந்ததில், அழுக்கக்காவின் தபால்காரர் பொம்மையின் தொப்பியில் புள்ளியை மறைக்க விட்டுப்போயிற்று.

அன்றைக்கே அழுக்கக்கா அதைத் தங்கையிடம் சொல்லிப் புலம்பித் தீர்த்தாள். வேலை தங்கைக்குக் கிடைத்தது. என்னுடையதை ஏன் ஒதுக்கினார்கள் என்று கேட்டதற்கு, "அந்தப் புள்ளிதான்க்கா. பாத்ததுமே தள்ளி வெச்சுட்டாங்களாம்" என்றாள்.

அழுக்கக்கா ஜன்னல் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வைத்தாள். அதற்கப்புறம் எல்லோரையும்போல நிறுத்தித்தான் காயவைத்தாள். தங்கைக்கு அந்தக் கலவை கைவரவில்லை என்பதால் வாராவாரம் ஒரு பாட்டில் கலந்தும் கொடுத்தாள். உனக்கென்ன தலையெழுத்தா என்று நான்கூடக் கேட்டேன். கூடப்பிறந்தவளாச்சே என்றாள்.

அருங்காட்சியகத்தில் அந்த வீதியைத் திறந்துவைத்த பிறகும் தங்கை எங்களை அழைக்கவில்லை. கூட்டமாக இருக்கும், அப்புறம் வாருங்கள் என்றே தட்டிக்கழித்தாள். ஒரு விடுமுறை நாளில் நாங்கள் இருவரும் சொல்லாமல் கிளம்பிப் போனோம். தங்கைக்கு அந்த வாரத்துப் பாட்டில் அழுக்கக்காவின் பையில் இருந்தது.

நுழைந்ததும் ஒரு தனிக் கண்ணாடிப் பெட்டி. உள்ளே மூன்று பொம்மைகள். இந்த வீதிக்கு முதலில் குடிவந்தவர்கள் என்று எழுதி, கீழே தங்கையின் பெயர் போட்டிருந்தது. ஆசையாகக் குனிந்த அழுக்கக்கா நிமிரவே இல்லை. நடுவில் நின்ற தபால்காரரின் தொப்பி உச்சியில் கடுகளவு கரும்புள்ளி.

அந்தப் புள்ளியை நினைத்து இவள் எத்தனை நாள் தன்னையே திட்டிக்கொண்டாள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். நேரே போய், உள்ளே வேலையில் இருந்த தங்கையைக் கூட்டிவந்து பெட்டி முன்னால் நிறுத்தினேன். அவள் முகம் வெளுத்துப் போயிற்று.

அழுக்கக்கா குரலை உயர்த்தவில்லை. "பேர மாத்தி வெச்சத விடு. என் வேலை மோசம்னு ஏன்டி சொன்ன?"

தங்கை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தப்பு உன்மேலன்னு சொன்னா, அதுக்கு மேல நீ எதுவும் கேக்க மாட்டேன்னு தெரியும்க்கா."

வேலை கிடைக்காதபோது அழாதவள், அங்கே அழுதாள். அவளை அவ்வளவு நன்றாகத் தெரிந்தவள் தங்கை ஒருத்திதான்.

பாட்டிலைக் கொடுக்காமலேயே திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் கயிற்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். முட்டி வலியில் அவளால் ஏற முடியாது. நான் ஸ்டூல்மேல் ஏறிக் கட்டினேன். அரைகுறையாகக் கிடந்த ஒரு பொம்மைக்கு அந்தப் பாட்டிலிலிருந்தே தொட்டுத் தடவி, கிளிப் போட்டுத் தலைகீழாக மாட்டினாள்.

"இனிமே புள்ளிய மறைக்கப் போறதில்ல" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.